நிழல் எங்கே தூங்கும்? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு நாலரை வயது. வெயிலில் நடந்தால் தன் நிழலைத் துரத்துவாள். “ராத்திரி என் நிழல் எங்கம்மா தூங்கும்?” என்று கேட்டாள். ஒளி நேர்கோட்டில் போகும், நாம் மறித்தால் நிழல் விழும் என்று சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. இருட்டென்றால் அழுகை வேறு. எப்படிச் சொல்லித் தருவது?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

மகளின் கேள்வி அருமையானது. இப்போதே விடை சொல்லி அதை முடித்துவிடாதீர்கள்.

சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1920களில் குழந்தைகளிடம் நிழலைப் பற்றி விசாரித்தார். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நிழல் ஒரு பொருள். கையின் நிழலைக் காட்டிக் கேட்டால், கொஞ்சம் கையிலிருந்து வருகிறது, கொஞ்சம் மரத்தடியிலிருந்தோ இரவிலிருந்தோ வருகிறது என்றார்கள். வெளிச்சம் மறைக்கப்பட்ட இடம்தான் நிழல் என்ற தெளிவு ஒன்பது வயதை ஒட்டித்தான் வந்தது. நாலரை வயதில் நேர்கோடு ஏறாததில் வியப்பே இல்லை.

அவளை ஊகிக்க விடுங்கள். சுவர் முன்னால் ஒரு பொம்மையை வைத்து, டார்ச்சை அவள் கையிலேயே கொடுங்கள். போடுவதற்கு முன் நிழல் எங்கே விழும் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் வெளிச்சம் வரும் பக்கத்தையே காட்டுவதுண்டு. சரி, தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டாம், சுவர் சொல்லிவிடும். சில தடவைக்குப் பிறகு விரல் தானாக இடம் மாறும். என்னைக் கேட்டால், விளக்கம் சொல்வதைவிட அந்த விரல் நகர்வதுதான் பெரிய விஷயம்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நாலடி நீளத்திலிருந்து ஒளி வருவதால் நிழலின் ஓரம் கலங்கிப்போகும். செல்போன் டார்ச் சின்னது, ஓரம் கூர்மையாக விழும். இரண்டு போன்களை வேறுவேறு இடத்தில் பிடித்தால் ஒரே பொம்மைக்கு இரண்டு நிழல்! நிழல் பொம்மைக்குள்ளிருந்து வருகிறது என்ற எண்ணம் அங்கேதான் ஆட்டம் காணும். அப்புறம் பொம்மைக்குப் பதில் கலர் கண்ணாடித்தாளைப் பிடியுங்கள், நிழலே நிறத்தோடு விழும். தோல்பாவைக் கூத்தில் தோலை ஒளி புகும்படி மெலிதாக்கிச் சாயம் தீட்டுவதால்தான் திரையில் உருவங்கள் நிறத்தோடு தெரிகின்றன.

இருட்டுக்கு வருகிறேன். தனியே விட்டுப் பழக்க வேண்டாம். பூச்சாண்டிக் கதை வேண்டவே வேண்டாம். சுவிட்ச் அவள் கையில் இருக்கட்டும், அணைப்பதும் போடுவதும் அவள் இஷ்டம். இரவில் கரன்ட் போனால் உடனே போனைத் தேடாமல் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஆனால் சில நிமிடங்களிலேயே ஜன்னல் கம்பி, பீரோ என்று ஒவ்வொன்றாகப் புலப்படும். “இப்ப என்ன தெரியுது?” என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பயந்தால் உடனே வெளிச்சம் காட்டுங்கள், வற்புறுத்தக் கூடாது.

இன்னொன்று. உங்கள் ஊரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் பன்னிரண்டேகால் மணி வாக்கில் மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள், தரையை மட்டும் பார்த்தால் போதும். நிழல் எங்கே போயிற்று என்று அவளே சொல்லட்டும், அதை எனக்கும் எழுதுங்கள். அன்று மேகம் மூடினால் மறுநாள் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.