டிஸ்சார்ஜ் தாளில் இருந்த ஒரு வரி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. ஆறு வருஷமாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். போன மாதம் வயிற்றுவலியில் துடித்தான் என்று வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் பழைய டிஸ்சார்ஜ் தாளை வாங்கி, 'ஸ்கிசோஃப்ரீனிக், மாத்திரைக்கு ஒத்துழைக்காதவர், உடம்பு வலி என்று சொல்லிக்கொள்கிறார்' என்ற வரியில் விரலை வைத்தார். அதற்கப்புறம் தம்பி வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனசு சம்பந்தப்பட்டது என்று அனுப்பிவிட்டார். மூன்று நாள் கழித்து ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். ஆத்தா அழுதுகொண்டே இருக்கிறார்கள். அந்த வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா, நாங்கள்தான் பெரிதுபடுத்துகிறோமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கேளுங்கள் ஆச்சி, தயங்காமல் கேளுங்கள்.

நம் பக்கத்தில் உடம்பு சரியில்லை என்றால் எப்படிச் சொல்கிறோம்? 'அப்பச்சிக்குச் சர்க்கரை இருக்கு', 'ஆத்தாவுக்குக் காய்ச்சல்'. ஆள் வேறு நோய் வேறு என்று அந்த 'க்கு' ஒன்றிலேயே தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. மனசில் நோய் என்றதும் அந்த 'க்கு' காணாமல் போய், 'அவன் கிறுக்கு' ஆகிவிடுகிறது. முகப்பில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் சொல்லும் அதே சொல்லைத்தான் டாக்டர்கள் நாங்கள் 'ஸ்கிசோஃப்ரீனிக்' என்று எழுதுகிறோம், இங்கிலீஷில் இருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

'ஒத்துழைக்காதவர்' இன்னும் மோசம். ஏன் நிறுத்தினார் என்று யாராவது கேட்டார்களா? இந்த மாத்திரைகளில் சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு பெருக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும், மாதக் கடைசியில் வாங்கக் காசில்லாமலும் போகும். 'கை நடுக்கத்தால் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தியிருந்தார்' என்று எழுதினால் அடுத்த டாக்டர் மருந்தை மாற்றிப் பார்ப்பார். 'சொல்லிக்கொள்கிறார்' என்றால் எழுதியவர் நம்பவில்லை என்றுதான் அர்த்தம். 'வலி இருக்கிறது என்கிறார்' போதும். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சீனியர் எழுதியதைப் பார்த்து நானும் அப்படி எழுதியிருக்கிறேன், இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எழுத்தில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, கடும் வலி தரும் பரம்பரை நோய்) உள்ள ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு விதமாக எழுதி, பயிற்சியில் இருந்த மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். சந்தேகத் தொனியில் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்த நோயாளி மேல் நல்லெண்ணம் குறைந்தது, வலிக்கான சிகிச்சையிலும் கை சுருங்கியது.

நோயின் பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள், மருந்து தருகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். வார்த்தையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதி, அந்த டாக்டரிடம் பொறுமையாகக் கொடுங்கள். 1912இல் வந்த சட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே பைத்தியச் சட்டம். 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 'மனநோய் உள்ளவர்' என்றுதான் பேசுகிறது. சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையை அதன் 25ஆம் பிரிவு தம்பிக்கே தருகிறது. அவர் பெயரிலேயே கேளுங்கள், அவரிடம் கலந்துகொண்டு.

கேள்வி: 'மனச்சிதைவு' என்ற பெயரே நோகடிக்கிறதே, மாற்றக்கூடாதா?
- இன்னொரு வாசகர், காரைக்குடி

பதில்: மாற்றலாம். ஜப்பானில் இதன் பழைய பெயருக்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002இல் 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பொருளில் மாற்றினார்கள். அதுவரை நோயாளியிடமே பெயரைச் சொல்லத் தயங்கிய டாக்டர்கள் அப்புறம் சொல்லத் தொடங்கினார்கள். நாமும் ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி ஆக்கியவர்கள்தானே. உங்கள் மனதில் நல்ல சொல் ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.