களை பிடுங்குவது யார்?

ஐயா அவர்களுக்கு,

வீரவநல்லூரில் தாத்தா விட்டுச்சென்ற நிலம் இருக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனம். சித்தப்பா யூரியாவும் களைக்கொல்லியும் போட்டு நெல் விளைவிக்கிறார். நான் சென்னை வேலையை விட்டுவிட்டு, பாரம்பரிய நெல்லை இயற்கை முறையில் பயிரிட விரும்புகிறேன். “மண்ணைக் கொல்கிறீர்கள்” என்றால் சித்தப்பா சிரிக்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ம.

அன்புள்ள தம்பி,

சித்தப்பா சிரித்ததோடு விட்டாரே, அது அவருடைய பெருந்தன்மை. இங்கே நான் சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில், பஞ்சகவ்யம் என்ற மாட்டுச் சாணக் கரைசலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் 1986இல் தந்த அம்பை 16 நெல் ரகத்தை ‘விஷ விதை’ என்றது அநியாயம். நீங்கள் தின்று வளர்ந்த இட்லியில் பாதி அந்த அரிசியாகத்தான் இருக்கும்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் களை பிடுங்குகிறவள் ஒரு வரியில்கூட வரவில்லை. கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருப்பதும் அவள்தான்.

என் ஆச்சி பிசானப் பருவ நெல் நடவு முடிந்ததும் ஊரார் வயல்களில் களையெடுக்கப் போவாள். கார்த்திகை மழை முதுகில் இறங்கும். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். இரவில் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு, மறுநாள் அதே காலோடு இறங்குவாள். அன்று களைக்கொல்லி இல்லை, உண்மை. அதற்குப் பதில் ஆச்சி இருந்தாள். அவள் பெற்ற பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தார்கள். முக்கூடல், சேரன்மகாதேவிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று தெரிந்தும் வயலுக்கு அதுவே மேல் என்று போனார்கள். அந்தக் கைகள் இல்லாமல் போன வயலில்தான் உங்கள் சித்தப்பா மருந்து தெளிக்கிறார். அவரைக் கொலைகாரர் என்பதற்கு முன், கூலிக்கு ஆள் தேடி அவர் எத்தனை வீட்டு வாசலில் நின்றார் என்று கேட்டீர்களா?

2003-04இல் வேளாண் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனத்தில், விவசாயிகளின் வயல்களிலேயே ஒற்றை நாற்று நடவைச் சோதித்துப் பார்த்தது. இளநாற்றைச் சதுரமாக இடைவெளி விட்டு நட்டு, நடுவே கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியைத் தள்ளினால் களை சேற்றில் அமுங்கி மட்கும். நாள் முழுக்கக் குனிந்து கிடக்க வேண்டாம். இது நவீனமா, இயற்கையா என்று நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முதுகு முக்கியம்.

வேலையை இப்போது விடாதீர்கள். சித்தப்பாவிடம் ஒரு வயலை மட்டும் கேளுங்கள், தருவார். கார்த்திகையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கருவியை நீங்களே தள்ளுங்கள். பஞ்சகவ்யத்தை அதற்குப் பிறகு பேசுவோம்.