சமாளித்துவிட்டேன் என்ற வரி

அன்புள்ள ஐயா,

எங்கள் மாவட்டத் தலைநகரில் ஒரு கேபிள் சேனலில் பதினோரு வருடமாகச் செய்தி வாசிக்கிறேன். வயது 39. செய்தி எழுதுவதும் நானே, சில நாள் எடிட்டிங்கும் நானே. காலை ஆறு மணிச் செய்திக்கு மூன்றரைக்கே எழுந்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிச் செய்தியைப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். முகம் ஊதிவிட்டது என்று நேயர்கள் வேறு எழுதுகிறார்கள். போன மாதம் நேரலையில் இரண்டு நிமிடம் வாய் குழறி, இடது கை மரத்தது. எப்படியோ சமாளித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு யூடியூப் சேனல் தொடங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் மூன்று பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். சம்பளம், எட்டு மணிச் செய்தி என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டு, வாய் குழறியதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அதிலும் சமாளித்துவிட்டதாக ஒரு பெருமை. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

முகத்தைப் பற்றி எழுதுகிறவர்களை விடுங்கள். அந்தப் பெண்ணும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்தான், அவரையும் விடுங்கள்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் ஜூலி சின் என்று ஒரு உள்ளூர்ச் செய்தி வாசிப்பாளர். 2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை காலை, நாசா ராக்கெட் பற்றிய செய்தியை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் போயிற்று. கை மரத்தது. எதிரே பிராம்ப்டரில் எழுத்து ஓடுகிறது, வாயில் சொல் வரவில்லை. உங்களைப் போலவே அவரும் முதலில் சமாளிக்கத்தான் பார்த்தார். முடியாமல் போகவே, தனக்கு ஏதோ சரியில்லை என்று நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு, வானிலை சொல்பவரிடம் நிகழ்ச்சியைக் கொடுத்தார். நிலைமையைப் புரிந்துகொண்டு ஆம்புலன்ஸை அழைத்தது உடன் வேலை செய்தவர்கள். பக்கவாதத்தின் தொடக்கம், முழுதாக வரவில்லை என்று மருத்துவர்கள் கருதுவதாக அவரே பிறகு எழுதினார். அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும்.

அப்பா தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். டெல்லி ஆகாசவாணிச் செய்தி கேட்டு வளர்ந்தவர். சரோஜ் நாராயணசாமி மாதிரி ஒரு எழுத்து விழாமல் வாசிக்க வேண்டும் அவருக்கு. 2010-இல் ஒரு நாள் 'முல்லைப் பெரியாறு' என்ற இடத்தில் நாக்கு இடறியது. மறுபடி சொல்லிப் பார்த்தார். 'முல்ல, முல்ல' என்று நின்றுவிட்டது.

"கண்ணாடியத் தொடச்சுக்கிட்டுப் படிப்பா" என்றார் அப்பத்தா. அப்பாவும் சிரித்துக்கொண்டே துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டார். பேப்பரை மறுபடி எடுத்தபோது அதன் இடது பக்கம் மட்டும் மெல்லச் சரிந்து மடியில் இறங்கியது. வலது கை அப்படியே பிடித்திருந்தது.

வாயுக்கோளாறு என்றோம். அம்மா பூண்டு தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தாள். அந்த நேரத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. சித்தப்பா சோடா வாங்கிவரப் போனார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வெயில் என்று ஆளுக்கொரு காரணம். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மதியம் இரண்டு மணி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?" ஏழரை என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். சோடாவுக்கும் பூண்டுப் பாலுக்கும் போன நேரத்தை நான் இன்றைக்கும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டதே என்பீர்கள். தானாகச் சரியாகிவிடும் பக்கவாதமும் உண்டு, சிறு பக்கவாதம் என்பார்கள். அதன் பின்னால் பெரியது வரலாம், முதல் இரண்டு நாளில்தான் அந்த அபாயம் அதிகம். உங்களுக்கு வந்தது அதுதானா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. நீங்களோ ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுகிறீர்கள்! பி.பி. மாத்திரை மேக்கப் அறையில் கிடக்கிறது, நினைவு வந்தால் போடுகிறேன் என்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏம்மா, பக்கவாதத்துக்கு முதல் காரணமே அந்த பி.பி.தானே?

யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கேமராமேனிடமும் கன்ட்ரோல் ரூமில் பேனலில் உட்கார்ந்திருக்கும் பையனிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள். வாய் கோணினாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, விளம்பரம் போட்டுவிட்டு உங்களைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108-க்குப் போன் செய்யட்டும்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அப்பத்தாவுக்குப் பேப்பர் வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. "உங்கப்பன் வாசிப்பு மாதிரி வராது" என்பார் அப்பத்தா. அப்பா கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

யூடியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டு நரம்பியல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அவர் எழுதித் தருகிற சீட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேனல் விஷயத்தை அப்புறம் பேசலாம்.