'நலம், நலமறிய ஆவல்' என்பதற்குப் பிறகு என்ன எழுதுவது?

தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், பிள்ளைகளின் கடிதங்களைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்களை இங்கே தருகிறேன்.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், தாத்தாவுக்கு எழுதச் சொன்னால் 'நலம், நலமறிய ஆவல்' என்ற வரியோடு பேனாவை மூடிவிடுகிறாள். என்ன செய்வது?

'ஏதாவது எழுது' என்று சொல்லும்போது பிள்ளைக்கு எதுவுமே தோன்றாது. 'தாத்தா இங்கே இல்லாததால் இந்த வாரம் எதையெல்லாம் பார்க்கவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது, மழையில் மாடிப்படி ஒழுகியது, தம்பிக்கு முன்பல் விழுந்தது என்று அவள் வாய் ஓயாமல் சொல்லத் தொடங்குவாள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, குட்டியின் நிறம் என்ன, அது எப்படி எழுந்து நின்றது, நீ தொட்டுப் பார்த்தாயா என்று மேலும் கேளுங்கள். அவள் சொன்ன சொற்களையே, சொன்ன வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஐந்து செய்திகளை ஒவ்வொரு வரியில் அடுக்கும் கடிதத்தைவிட, ஒரே செய்தியை ஆறேழு வரிகளில் விரித்துச் சொல்லும் கடிதத்தையே தாத்தா திரும்பத் திரும்பப் படிப்பார். தயவுசெய்து நீங்கள் சொல்லச் சொல்ல அவளை எழுத வைக்காதீர்கள். அது உங்கள் கடிதமாகிவிடும், தாத்தாவும் அதை முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

இடம், நாள், விளி, முடிப்பு என்ற அமைப்பை மாணவர்கள் மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறார்கள். (ஓர் ஆசிரியை)

ஒவ்வொரு பகுதியும் எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். 'நேற்று மழை பெய்தது' என்று படிப்பவருக்கு எந்த ஊரில், எந்த நேற்று என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே இடமும் நாளும் மேலே வருகின்றன. விளியும் முடிப்பும் உறவைக் காட்டுகின்றன. 'அன்புள்ள தாத்தாவுக்கு' என்று தொடங்கினால் 'தங்கள் அன்புப் பேத்தி' என்று முடியும். தோழிக்கு எழுதினால் 'உன் அன்புத் தோழி' என்றாகும். தாத்தாவுக்கு 'நீங்கள்' என்று தொடங்கிவிட்டு இடையில் 'நீ' என்று மாறுவதே பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை. ஒரே செய்தியைத் தாத்தாவுக்கும் தோழிக்கும் தனித்தனியாக எழுத வைத்தால், அந்த வேறுபாட்டை அவர்களே உணர்வார்கள்.

எழுத்துப்பிழைகளைத் திருத்திய பிறகுதான் அனுப்ப வேண்டுமா?

எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. 'பள்ளிக்குப் போனேன்' என்பது 'பல்லிக்குப் போனேன்' என்றாகிப் பொருளே மாறும் இடங்களை மட்டும் காட்டுங்கள். மறுநாள் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொன்னால், விடுபட்ட சொற்கள் தாமாகவே கண்ணில் படும். சிவப்பு மையை மட்டும் கடிதத்தின் பக்கம் கொண்டுவரவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முகவரியையும் பிள்ளையே எழுதலாமா?

கட்டாயம் எழுத வேண்டும். பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் வரிசையே அவர்களுக்கு ஒரு புவியியல் பாடம். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் விளக்குங்கள்: தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் எண் 6; கடைசி மூன்று எண்கள் கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் அஞ்சலகத்தைக் குறிக்கும். முதல் கடிதத்துக்கு அஞ்சலட்டை நல்லது, ஏனெனில் அதில் நிரப்ப வேண்டிய இடம் சிறியது. ஆனால் அதை யாரும் படிக்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் வளரும் என் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

அவன் சொல்வதை நீங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். விளியையும் தன் பெயரையும் அவன் எழுதட்டும். அடுத்த கடிதத்தில் ஒரு வரி, அதற்கடுத்ததில் இரண்டு வரிகள் என்று அவன் பங்கு வளரும்.

போட்டிகள் உண்டா?

உண்டு. உலக அஞ்சல் ஒன்றியம் 9 முதல் 15 வயது வரையுள்ளோருக்காக 1971 முதல் கடிதப் போட்டி நடத்தி வருகிறது. எனினும், உறவினர்களுக்கு எழுதிப் பழகிய பிறகு பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புங்கள்.

பதில் வராததால் என் மகன் சோர்ந்துவிட்டான்.

இது உண்மையிலேயே வருத்தம் தருவது. கடிதத்தை அனுப்பும் முன், பெறுபவரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வரியாவது கைப்பட எழுதுமாறு நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தின் முடிவில், அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றையும் மகன் எழுதட்டும். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிடலாம். 'என் வயதில் நீங்கள் எந்த மரத்தில் ஏறி விழுந்தீர்கள்?' என்று கேட்டால், தாத்தா தாளைத் தேடி எடுத்து உட்காருவார்.