இரும்பு இருக்கப் பிளாட்டினம் எதற்கு?

அன்புள்ள ஐயா, வணக்கம். எரிபொருள் கலத்தில் பிளாட்டினத்துக்குப் பதில் இரும்பே போதும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் ஹைட்ரஜன் காரில் இன்னும் பிளாட்டினம்தான். முதுகலை வேதியியல் படிக்கிறேன். இந்த ஆய்வுக்குப் போகலாமா, இல்லை இதெல்லாம் வெறும் பரபரப்பா?
– ம.

அன்புள்ள ம.,

தாராளமாகப் போங்கள். செய்திகள் பொய்யில்லை, பாதியில் நின்றுவிடுகின்றன.

எரிபொருள் கலம் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிறது, அந்த வினையை வேகப்படுத்தும் வினையூக்கிதான் பிளாட்டினம். ஹைட்ரஜன் பக்கம் துளி பிளாட்டினம் போதும். ஆக்சிஜனை நீராக்கும் பக்கம்தான் மந்தம், பிளாட்டினத்தின் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. அங்கே பிளாட்டினமே இல்லாத கோபால்ட் தாலோசயனின் என்ற சேர்மம் வேலை செய்யும் என்று ஜாசின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1964இலேயே காட்டிவிட்டார். 2009இல் கியூபெக்கில் டோடலே குழுவினர் கரித்தூள், இரும்பு அசிடேட், ஃபினாந்த்ரோலின் (நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்) மூன்றையும் சேர்த்து அரைத்து, ஆர்கானில் 1050 டிகிரி, அப்புறம் அம்மோனியாவில் 950 டிகிரி என்று சுட்டெடுத்தார்கள். கரியின் நுண்துளைக்குள் ஓர் இரும்பு அணுவை நான்கு நைட்ரஜன்கள் பிடித்திருக்கும், நம் ரத்தத்தின் ஹீமில் இருப்பதுபோல. 0.9 வோல்ட்டில் அது பிளாட்டினத்துக்கு இணையாக நின்றது. செய்தி இதோடு முடிந்துவிடும்.

ஆனால் 0.9 வோல்ட் என்பது கலத்திலிருந்து கொஞ்சம் மின்னோட்டமே எடுக்கும் நிலை. ஆக்சிலேட்டரை மிதித்து நிறைய எடுத்தால் கலம் 0.65 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அங்கே ஈடுகொடுக்க, பிளாட்டினப் பூச்சு 10 மைக்ரான் என்றால் இரும்புப் பூச்சு 100 மைக்ரான் அளவுக்குப் போட வேண்டியிருக்கிறது, அத்தனை தடிமனுக்குள் காற்று நுழைவதும் பாடு, உண்டான நீர் வெளியேறுவதும் பாடு. சரி, கலத்தின் பரப்பைக் கூட்டலாம் என்றால் இரு பக்கத்தையும் பிரிக்கும் சவ்வு, தகடு எல்லாம் கூடும், உலோகத்தில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். இரண்டு உலோகங்களின் கிலோ விலையை மட்டும் வைத்து 'மலிவு' என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

ஆயுள் இன்னும் பெரிய சிக்கல். டோடலே குழுவின் கலமே 100 மணி நேரத்துக்குள் மளமளவென்று இறங்கியது, காருக்கோ குறைந்தது 5,000 மணி நேரம் வேண்டும். வினையின் ஓரத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, கழன்று வரும் இரும்பு அதோடு சேர்ந்தால் ஃபென்டன் வினைதான், அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற தீவிர வினைத்துணுக்குகள் கரியையும் சவ்வையும் சேர்த்தே அரிக்கின்றன.

அதற்காக எல்லாம் வீண் என்றில்லை. 2017இல் பல்லார்ட், நிசின்போ என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து, பிளாட்டினத்தை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்த 30 வாட் கலத்தை அறிவித்தார்கள். சிறிய கருவிக்கு அது போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது 0.9 வோல்ட்டில் இன்னொரு சாதனைத் தூள் அல்ல. நிஜமான கலத்தில், தூய ஆக்சிஜனில் இல்லாமல் காற்றில், நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டி, எங்கே ஏன் சரிகிறது என்று பாருங்கள். சேருமுன் வழிகாட்டியிடம் ஆய்வகத்தில் கலத்தை ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சுழல்தட்டு மின்முனை (தூளைத் திரவத்தில் மட்டும் சோதிக்கும் கருவி) மட்டும்தான் என்றால் வேறு இடம் தேடுங்கள்.