கால் வைத்தால் அமுங்கும் கேரவன் தரை

கேள்வி: பழைய இழுவை கேரவன் ஒன்றை வாங்கி எங்கள் ஊரான மண்டபத்தில் நிறுத்தியிருக்கிறேன். கதவோரம் தரை அமுங்குகிறது. முழுசாக மாற்ற வேண்டுமா அண்ணே?
– வாசகர், மண்டபம்

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. திருப்புளியால குத்திப் பாருங்க. சுலபமா இறங்கினா பலகை உளுத்துப்போச்சு, வெட்டி எடுக்கத்தான் வேணும். இறங்காம 'டொக் டொக்'னு பொள்ளலா கேட்டா, மேலேயும் கீழேயும் இருக்கிற பிளைவுட்டுக்கும் நடுவில இருக்கிற தெர்மோகோலுக்கும் ஒட்டு விட்டிருக்கு, அவ்வளவுதான். மேல்பலகையில மட்டும் சின்னச் சின்னத் துளை போட்டு, ஊசியால எபாக்சிப் பசை ஏத்துங்க. கீழே ஜாக்கி முட்டுக்கொடுத்து, மேலே பாலித்தீன் விரிச்சு, பலகை போட்டு, தண்ணிக்குடங்களை அடுக்கி ஒரு நாள் விடுங்க.

வல்லத்துக்குப் பூசுற பாலியெஸ்டர் ரெசின் மிச்சமிருக்குன்னு யாராவது கொடுப்பாங்க. வாங்காதீங்க! அது தெர்மோகோலைக் கரைச்சிடும். படகு வேலை பார்த்த நானே ஒருதரம் அப்படிக் கெடுத்தேன்.

புதுப் பலகைன்னா ஐ.எஸ். 710ங்கிற இந்தியத் தர முத்திரை உள்ள மெரைன் பிளைவுட், 316 ரக எவர்சில்வர் திருகாணி. நம்ம உப்புக்காத்துக்கு சாதா ஆணி தாங்காது.

எல்லாத்துக்கும் முன்னாடி கதவு, ஜன்னல் ரப்பரைப் பாருங்க. தண்ணி எங்கேருந்து இறங்குதுன்னு தெரியாம தரையில கைவைக்காதீங்க.