வாசகர் கேள்வி–பதில்: கையோடு கொண்டுபோகும் ஆக்சிஜன் சிலிண்டர்

கேள்வி: அப்பாவுக்கு வார்டில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் போகிறது. ஸ்கேன் எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே தரும் சின்ன சிலிண்டரின் மீட்டரில் ஊசி 10-இல் நிற்கிறது. “பாதிக்கு மேல் இருக்கிறது, தாராளமாகப் போதும்” என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
— ஒரு வாசகி, தாம்வே, யாங்கோன்

பதில்: நிமிடக் கணக்குப் போடாமல் கிளம்பாதீர்கள், சகோதரி. இங்கே புழங்கும் சீன ரெகுலேட்டர்கள் (சிலிண்டர் வாயில் மாட்டும், மீட்டர் உள்ள கருவி) பலவற்றில் வாயுவின் அழுத்தம் எம்.பி.ஏ. (MPa, மெகாபாஸ்கல்) என்ற அலகில் இருக்கும். 1 எம்.பி.ஏ. என்பது 10 பார் (இதுவும் அழுத்த அலகுதான்). ஆக, உங்கள் ஊசி காட்டுவது 100 பார். (பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால் 14.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.) சிலிண்டரின் தோள்பகுதியில் அதன் கொள்ளளவு பொறித்திருக்கும். 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 100-ஐ 4-ஆல் பெருக்க 400 லிட்டர். கடைசி 20 பாரைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது ஆபத்துக்கான இருப்பு. மிச்சம் 320 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 80 நிமிடம் வரும். வழியில் மூச்சு முட்டி, பை வைத்த மாஸ்க்குக்கு மாற்றி 10 லிட்டர் வைக்க நேர்ந்தால் அதே சிலிண்டர் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

லிஃப்ட், சாலை நெரிசல், ஸ்கேன் வாசலில் காத்திருப்பு, திரும்பி வருவது எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகுமோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன் கையில் வேண்டும். ஒரு மணி நேரப் பயணம் என்றாலே இந்தச் சிலிண்டர் போதாது. இன்னொன்று கேட்டு வாங்குங்கள், வால்வைத் திறக்கும் சாவியோடு. சாவி இல்லாத சிலிண்டர் இருந்தும் பயனில்லை.

திறப்பதற்கும் முறை உண்டு. படுக்கையில் வைத்துத் திறக்கக் கூடாது. தரையில் நிறுத்தி, மீட்டரின் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, அளவுக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வெடுக்கென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு ஒரே நொடியில் அழுந்திக் கடுமையாகச் சூடேறும். உள்ளே கொஞ்சம் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும். பிறகு 4 லிட்டருக்கு வையுங்கள். உள்ளே குண்டு மிதக்கும் மீட்டர் என்றால், குழாய் செங்குத்தாக இருக்கும்போது குண்டின் நடுப்பகுதி 4-இல் நிற்க வேண்டும். திருகும் குமிழ் என்றால் எண் சரியாக வந்து உட்கார வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் சிலவற்றில் வாயுவே வராது.

முக்கியமானது இனிமேல்தான். முன்பு திறந்து மூடிய சிலிண்டரில், ரெகுலேட்டருக்குள் சிக்கிய வாயுவே ஊசியைத் தூக்கி நிறுத்தியிருக்கும். குமிழைத் திருப்பியதும் சில நொடி காற்று வரும், பிறகு நின்றுபோகும். பிரிட்டனில் 2018-இல் அரசு மருத்துவத் துறை இதற்காகவே எச்சரிக்கை விட்டது: சிலிண்டரைச் சரியாக இயக்காத சம்பவங்கள் மூன்றாண்டுகளில் 400-க்கும் மேல், இறந்தவர்கள் 6 பேர். இயக்கியவர்கள் மருத்துவ ஊழியர்கள்தான். ஆகவே, மூக்குக்குழாயின் நுனியை உங்கள் கன்னத்தருகே வைத்து, ஒரு முழு நிமிடம் காற்று விடாமல் வருகிறதா என்று உணர்ந்த பிறகே அப்பாவுக்கு மாட்டுங்கள். வழியிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைப் பாருங்கள்.

ஈரப்பதத்துக்கான தண்ணீர்க் குப்பியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். 4 லிட்டருக்கு அது தேவையில்லை; சாய்ந்தால் தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிடும்.

எந்த ஸ்கேன் என்று எழுதவில்லை. எம்.ஆர்.ஐ. என்றால் சிலிண்டர் அறை வாசலோடு நிற்க வேண்டும். 2001-இல் அமெரிக்காவில் காந்தம் இழுத்துப் பறந்துவந்த ஆக்சிஜன் சிலிண்டர் மோதி 6 வயதுச் சிறுவன் இறந்தான்.

கேள்வி: மாமியாருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். உதடும் மூக்கும் வெடித்துப்போகின்றன, தேங்காயெண்ணெய் தடவலாமா? கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வைக்கலாமா?
— ஒரு வாசகி, பெகு

பதில்: இரண்டும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சாதாரணமாக மெல்ல எரிகிற எண்ணெயும் துணியும் தலைமுடியும் அதில் குபீரென்று பிடிக்கும். வாஸ்லினும் தைலமும் எண்ணெய்ப் பண்டங்களே. தண்ணீரில் கரையும் ஜெல்லி நர்ஸிடம் கேளுங்கள். தனாக்கா (மரப்பட்டையை இழைத்த பூச்சு) பூச ஆசைப்பட்டால் தண்ணீரில் இழைத்ததைக் கன்னத்தில் பூசுங்கள், க்ரீம் வகை வேண்டாம். அவருக்குத் தலைவாரி எண்ணெய் வைத்த கையோடு வால்வைத் தொடாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவி, உலரத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

இருட்டுக்குப் பேட்டரி விளக்கு வையுங்கள். விபூதி பூசலாம், கற்பூரமும் ஊதுபத்தியும் அந்த அறைக்குள் வேண்டாம். மூக்குக்குழாயைக் கழற்றிப் போர்வைமேல் போட்டால் துணி ஆக்சிஜனைக் குடித்துக்கொள்ளும். வால்வை மூடி, போர்வையை வெளியே உதறி அரைமணி ஆறவிடுங்கள்.

கேள்வி: 40 வருடம் சுருட்டு பிடித்தவர் என் அண்ணன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் காட்டுகிறது. கூட்டிவைக்கச் சொன்னால் நர்ஸ் மறுக்கிறார்.
— ஒரு வாசகர், மௌலமியைன்

பதில்: அவர் செய்வது சரி, ஐயா. புகையால் நுரையீரல் நாள்பட்டுக் கெட்டவர்களுக்கு 88 முதல் 92 வரையே இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு ரத்தத்தில் சேர்ந்து மயக்கம் வரக்கூடும். அவர் தூங்கி வழிந்தாலோ, எழுப்பினால் குழறினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். குமிழை நீங்கள் தொட வேண்டாம்.

கேள்வி: ரெகுலேட்டர் மாட்டிய இடத்தில் ‘உஸ்’ என்று சத்தம் வருகிறது. டேப் சுற்றலாமா?
— ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: சுற்றாதீர்கள், இன்னும் பலமாக முறுக்கவும் வேண்டாம். வால்வை மூடி, குமிழைத் திறந்து மிச்ச வாயுவை வெளியேற்றிவிட்டு, ஊழியரிடம் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது விழுந்தேவிட்டிருக்கும். அதை மாற்றும்வரை அந்தச் சிலிண்டரில் ‘பழுது’ என்று எழுதிக் கட்டித் தனியே வையுங்கள், அடுத்தவர் அவசரத்தில் எடுத்துவிடாதபடி.